மெஷினுக்குப் பசிக்காது

மார்ச் 4, புதன்

இன்றும் சாப்பாடு பாதியில் நின்றது. டப்பாவைத் திறந்ததுமே திரையில் ஒரு கேள்வி: இருமல் மருந்து குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா? தம்பி ஓடி வந்தான். "அக்கா, பத்து செகண்டுல பதில் போகணும். மெஷினுக்குப் பசிக்காதுல்ல?" சிரிக்கிறான் வேறு!

பதினோரு வருடம் மருந்துக்கடையில் மருந்தாளராக நின்றவள் நான். அதை விட்டுவிட்டு இவன் கம்பெனிக்கு வந்து, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பின்னறையில் உட்கார்ந்து மெஷினாக நடிக்கிறேன். மருந்து பற்றி எதைக் கேட்டாலும் எங்கள் செயலி பதில் சொல்லும் என்று ஊரெல்லாம் சொல்கிறான். செயலியா சொல்கிறது? "மூணே மாசம்க்கா, நிஜ மெஷின் ரெடியாயிடும்" என்றான். ஏழு மாதம் ஆகிவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

புதுக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் இந்தக் கூடத்தில் பதினாலு கம்பெனிகள். ஆட்களை எண்ணினால் நாற்பது தேறாது. நல்ல சேதி வந்தவர்கள் வாசல் மணியை அடிக்க வேண்டும், மற்றவர்கள் எழுந்து கைதட்ட வேண்டும். இன்று ஒருத்தன் அடித்தான். என்ன சேதி? முதலீட்டாளர் அவன் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டாராம்! கைதட்டிய கையால் தலையில் அடித்துக்கொண்டேன்.

புதிதாக வந்தவர்களிடம் தம்பி என்னைக் காட்டினான். "எங்க அக்கா. ஆபீசைப் பார்த்துக்கிறாங்க."

ஆபீசையா?

மார்ச் 10, செவ்வாய்

பல்வலி உயிர் போகிறது. விடுப்பு கேட்டால், "மெஷினுக்கு ஏதுக்கா பல்லு?" என்கிறான்.

மார்ச் 11, புதன்

பாவி! பல் மருத்துவரிடம் போய்வர ஒன்றரை மணி நேரம். அதற்குள் அந்த அரைவேக்காட்டு மெஷினையே பதில் சொல்ல விட்டிருக்கிறான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியவர், மூட்டுவலிக்கு வலி மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகப் போடலாம் என்று சொல்லியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். வீங்கிய வாயோடு அவருக்கு போன் போட்டேன். மாத்திரை கையில் இருந்ததாம், வாயில் போடவில்லை. அதைத் தூரப் போடச் சொன்னேன்.

தம்பி என்ன சொன்னான் தெரியுமா? "ஒண்ணும் ஆகலேல்ல? வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க வந்து பார்க்குற வரைக்கும் பொறுத்துக்கோக்கா."

ஒன்றும் ஆகவில்லையாம். இவனைத் தூக்கி வளர்த்த கையைத்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

செய்துவிட்டேன்.

கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். நான் பின்னறைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய மருத்துவமனை ஒன்றின் கொள்முதல் அதிகாரி முதல் வரிசையில். மேடையில் தம்பி, "மனுஷக் கையே படாத பதில்" என்றான். அதிகாரி தன் போனிலிருந்து ஒரு கேள்வி அனுப்பினார். அது என் திரைக்கு வந்தது. தட்டினேன். பெரிய திரையில் வந்தது:

"பதில் சொல்வது மெஷின் இல்லை. நான் மருந்தாளர், இவனுடைய அக்கா. பின்னறையில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்."

அதிகாரி எழுந்து போய்விட்டார். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற கம்பெனிக்காரர்கள் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். மூன்று பேர் தனித்தனியாக வந்து காதோடு கேட்டார்கள். "அக்கா, எங்களுக்கும் காலைல ரெண்டு மணி நேரம் மெஷினா உட்காருவீங்களா?"

வெட்கங்கெட்ட கூட்டம்!

மார்ச் 16, திங்கள்

பழைய மருந்துக்கடையில் திரும்ப வேலை கேட்டிருக்கிறேன். தம்பி இன்னும் பேசவில்லை. மருத்துவமனை வேண்டாம் என்று எழுதிவிட்டது.

மத்தியானம் அந்தப் பெரியவர் தடி ஊன்றி மாடி ஏறி வந்தார். "அன்னைக்கு போன் பண்ணின பொண்ணு யாருப்பா?"

தம்பி எழுந்து நின்றான். "எங்க அக்கா. மருந்தாளர்." பெரியவருக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மார்ச் 25, புதன்

கடையிலிருந்து வரச்சொல்லி போன் வந்தது. நாளை சொல்கிறேன் என்றேன். டப்பாவை எடுத்தபோது திரையில் வழக்கம்போல் கேள்வி. பதில் தட்டப் போனேன். அதற்குள் வேறொரு வரி தானாகப் போயிருந்தது. தம்பி எழுதி வைத்தது, என்னிடம் சொல்லவே இல்லை.

"இங்கே பதில் சொல்பவர் ஒரு மருந்தாளர். சாப்பிடப் போயிருக்கிறார். இரண்டு மணிக்கு வருவார்."

பதினேழு பேர் காத்திருந்தார்கள். டப்பாவைத் திறந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.