என் சார்பில் எனக்குக் குறையில்லை என்று எழுதியவர்

அனுப்புநர்:
அம்சவல்லி (வயது 52),
காலஞ்சென்ற வீரையன் அவர்களின் மனைவி,
கீழத்தெரு, புதுவாய்க்கரை கிராமம்,
ஒரத்தநாடு வழி, தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: கூட்டுறவு வங்கியில் உள்ள என் கணக்கை நடத்த நான் வேறொருவருக்குக் கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்யவும், 14.6.1982 அன்று என் ஒரு ஏக்கர் நிலம் ஏலம் போவதை நிறுத்தவும் வேண்டுதல் சம்பந்தமாக.

பார்வை: 1) நான் 5.4.1982 அன்று தங்களிடம் கொடுத்த மனு. 2) அதற்கு நானே கொடுத்ததாகச் சொல்லப்படும் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவை நான் சொல்லச் சொல்ல, தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் திரு. அஹமது கபீர் அவர்கள் எழுதுகிறார். முதல் பக்கத்தில் 'தாழ்மையுடன்' என்ற சொல் நான்கு இடத்தில் வருவது வழக்கம் என்றார். எனக்குக் கைவசம் ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

1. உச்சவரம்புச் சட்டப்படி எங்கள் ஊர்ப் பண்ணையிடமிருந்து எடுத்த உபரி நிலத்தில் ஒரு ஏக்கருக்கு 1973இல் என் கணவர் பெயரில் பட்டா கிடைத்தது. அதற்காக அவர் இரண்டு முறை அடிபட்டார், ஆறு வாரம் திருச்சி ஜெயிலில் இருந்தார். பட்டா கொடுத்த அன்று மேடையில் அவருக்கு மாலை போட்டார்கள். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றதால் மாலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பட்டாவைத் திரும்ப வாங்கவில்லை. 1976இல் அவர் இறந்தபின் நிலம் என் பெயருக்கு மாறியது.

2. 1979இல் களத்துமேட்டில் வழுக்கி விழுந்து எனக்குக் கால் முறிந்தது. வங்கி நாலு மைலுக்கு அப்பால். நடக்க முடியாதவர்கள் வேறொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்தால் அவர் வந்து பணம் எடுக்கலாம் என்றார்கள். நான் திரு. இராஜாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இவர் அதே பண்ணையின் காரியஸ்தராக இருபத்தைந்து வருடம் இருந்தவர்.

பண்ணையோடு மல்லுக்கட்டி நிலத்தை வாங்கிவிட்டு, அதில் விளைந்த நெல்லுப் பணத்துக்குப் பண்ணையின் ஆளையே ஏன் அமர்த்தினாய் என்று தாங்கள் கேட்கலாம். நானும் மூன்று மாதமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவுக்குக் காகிதம் என்று ஒன்று வந்தால் அதை எடுத்துக்கொண்டு இராஜாங்கம் வீட்டு வாசலில் போய் நிற்பது என் மாமனார் காலத்துப் பழக்கம். பண்ணையை எதிர்த்து நாங்கள் கொடுத்த மனுவைக்கூட அவர்தான் முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கொடுத்தார். எழுதியதற்கு எங்களிடம் ஒரு மரக்கால் நெல் வாங்கிக்கொண்டார். எழுதிய சேதியை உடனே பண்ணையில் போய்ச் சொன்னதற்கு அங்கே எவ்வளவு என்று தெரியாது. இத்தனைக்கும் பிறகும் என் புத்தி போகாத வழியில் என் கால் போயிற்று. அதுவும் முறிந்த கால்.

பண்ணை வேலை போனபின் அவர் கட்சிக்காரர் ஆனார். ஆட்சி மாறும்போதெல்லாம் அவருடைய வேட்டியின் கரையும் மாறிவிடும். என்னிடம் வாங்கிய அதிகாரப் பத்திரத்தை மட்டும் அவர் மாற்றவே இல்லை.

3. அந்தப் பத்திரத்தை எழுதியவரும் அவரே. 'வங்கி சம்பந்தப்பட்ட சகல காரியங்களையும் என் சார்பில் நடத்திக்கொள்ள' என்று அதில் இருக்கிறதாம். படித்துக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வெட்கம். கைநாட்டு வைத்தேன். "நீ கால நீட்டிப் படுத்துரும்மா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்ன சொல்லை அவர் மீறியதாக நான் புகார் சொல்லமாட்டேன்.

மூன்று வருடம் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டேன். பணம் கணக்குக்குப் போயிற்று. நான் அங்கே வாங்கியிருந்த பயிர்க்கடனுக்குக் கழித்துக்கொண்டு வருகிறார்கள் என்று சொல்லி, இராஜாங்கம் பொங்கலுக்குப் பொங்கல் நூறு ரூபாயும் ஒரு கட்டுக் கரும்பும் கொண்டுவந்து கொடுத்தார். என் பணத்தை நான் எழுந்து நின்று கும்பிட்டு வாங்கினேன், ஐயா. இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் உடம்பு எரிகிறது. மற்றதெல்லாம் அப்புறம்.

4. கால் தேறி, இந்த மார்ச் மாதம் நானே வங்கிக்கு நடந்து போனேன். என் கணக்கில் பதினோரு ரூபாய் இருந்தது. வாங்கிய கடன் ஒரு பைசா குறையாமல் வட்டியோடு அப்படியே இருந்தது. அதிகாரத்தை ரத்து செய்யுங்கள் என்று அங்கேயே மனு கொடுத்தேன். இடைப்பட்ட காலத்தில் முதியோர் கல்வி மையத்தில் கையெழுத்துப் போடக் கற்றிருந்தேன். அம்சவல்லி என்று நிறுத்திப் போட்டேன். வங்கிச் செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, வங்கியின் கணக்குதாரர் கைநாட்டுக்காரர் என்றும், கையெழுத்துப் போடும் அம்சவல்லி யாரென்று தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். அப்படியானால் கைநாட்டே வைக்கிறேன் என்று மையைத் தொட்டேன். எழுதத் தெரிந்தவரின் கைநாட்டு செல்லாது என்றார். இரண்டு அம்சவல்லியும் ஒருத்தியே என்று யாராவது சான்று கொடுத்தால் ஏற்பீர்களா என்றேன். ஏற்போம் என்றார். அந்தச் சான்றைக் கொடுக்கத் தகுதியுள்ளவர், என் சார்பில் அதிகாரம் பெற்ற திரு. இராஜாங்கம் ஒருவரே.

படித்தது குற்றம் என்று முதியோர் கல்வி மையத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

5. ஆகவே 5.4.1982 அன்று தங்களிடம் வந்தேன். என் மனுவைத் தங்கள் அலுவலகம் கூட்டுறவுத் துறைக்கு அனுப்பியது. துறை வங்கிக்கு அனுப்பியது. வங்கி, கணக்குதாரரின் விளக்கத்தைப் பெறுவதுதான் முறை என்று கருதி, அவர் சார்பில் அதிகாரம் பெற்றவருக்கு அனுப்பியது. திரு. இராஜாங்கம் என் சார்பில் விளக்கம் எழுதினார். திரு. இராஜாங்கத்தின் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை என்றும், விவரம் தெரியாமல் மனு கொடுத்துவிட்டேன் என்றும், ஆட்சித் தலைவர் சமூகம் என்னை மன்னிக்க வேண்டும் என்றும் அதில் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மனு முடித்துவைக்கப்பட்டதாக வந்த கடிதமும் அவர் வீட்டுக்கே போயிற்று. அவர் அதை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து, நாலு பேர் நடுவில் நின்று, நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். மூன்று வருடத்தில் அவர் எனக்குப் படித்துக் காட்டிய காகிதம் அது ஒன்றுதான்.

6. இம்மாதம் 2ஆம் தேதி காலை, தண்ணீர் வருவதற்குள் வரப்பைச் சீர்செய்யலாம் என்று வயலில் அண்டை வெட்டிக்கொண்டிருந்தேன். தமுக்குச் சத்தம் கேட்டது. கடன் பாக்கிக்காக ஏலம் என்று சொல்லி நாலெல்லை சொன்னார்கள். வடக்கே கிளை வாய்க்கால், தெற்கே பண்ணைத் தென்னந்தோப்பு. எவளோ ஒரு பாவப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். தமுக்கு அடிக்கும் ரெத்தினம் அடிப்பதை நிறுத்திவிட்டு வரப்போரம் வந்து நின்றார். "அக்கா, நீங்க நிக்கிற வயலத்தான் சொல்றேன்" என்றார். அவர் முகத்தை அவரால் நிமிர்த்த முடியவில்லை. எனக்கு மண்வெட்டியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. மீதி வரப்பையும் வெட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வங்கியில் கேட்டேன். எல்லா நோட்டீசும் முறைப்படி சார்வு செய்யப்பட்டிருக்கிறது, அதாவது என்னிடம் சேர்ந்திருக்கிறது. திரு. இராஜாங்கம் பெற்றுக்கொண்டிருக்கிறார். ஏலத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏலம் கேட்க இதுவரை முன்பணம் கட்டியிருப்பவர் ஒருவர். அவர் பண்ணையின் இளைய மகன்.

சர்க்கார் அவர்களிடமிருந்து எடுத்துக் கொடுத்த நிலத்தை நானே மனமுவந்து அவர்களிடம் திருப்பிக் கொடுக்கிறேன் என்று இதற்குப் பொருள். என் கணவர் வாங்கிய அடியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க அந்தப் பத்திரத்தில் வழி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் திரு. இராஜாங்கம் அதையும் பார்த்துக்கொள்வார்.

7. எனவே நான் கேட்பது: 14ஆம் தேதி ஏலத்தை நிறுத்த வேண்டும். நான் கொடுத்த அதிகாரத்தை, நான் கேட்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக ரத்து செய்ய வேண்டும். மூன்று வருட நெல்லுப் பணம் எங்கே போயிற்று என்று விசாரித்து, அதைக் கடனில் வரவு வைக்க வேண்டும். நான் வாங்கிய கடனை நான் கட்டுகிறேன். கட்டாமல் ஓடுகிறவள் வரப்பு வெட்டமாட்டாள்.

8. மனு எழுதும் திரு. அஹமது கபீர், அவ்வளவு தூரத்திலிருந்து நான் திரும்பத் திரும்ப அலைய வேண்டாம் என்றும், ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என் சார்பில் தாமே மனுவைப் பின்தொடர்வதாகவும் இப்போது சொன்னார். நல்ல மனிதர், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இருந்தாலும் பஸ்ஸுக்குக் காசு வைத்திருக்கிறேன், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டு இதையும் எழுதிவிட்டார்.

அதையே தங்களிடமும் கேட்கிறேன். இம்மனுவைத் தங்கள் சார்பில் விசாரிக்க யாருக்கும் அதிகாரம் கொடுத்து அனுப்ப வேண்டாம். அனுப்பினால் அது கை மாறிக் கை மாறி எந்த வாசலுக்குப் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்று இன்னொரு முறை எனக்குத் தகவல் வரும், வரும்போது வயல் இருக்காது. தாங்களே படிக்க வேண்டும் என்று, முதலில் சொன்ன அந்த ஒரே ஒரு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். உத்தரவு கிடைக்கும்வரை அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருப்பேன். பதிலை என் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இடம்: தஞ்சாவூர்
நாள்: 7.6.1982

இப்படிக்கு, என் சார்பில் நானே,

அம்சவல்லி
(கையெழுத்து)

இடது கைப் பெருவிரல் ரேகை
(கையெழுத்து செல்லாது என்றால் இது. இது செல்லாது என்றால் மேலே உள்ளது.)

குறிப்பு: மனுவை இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, மூன்று இடத்தில் திருத்தச் சொன்ன பிறகே மையைத் தொட்டேன்.