சுகெர்மியின் வயலில் போட்ட துளைகள்

தபனான், பாலி

அன்பு மகள் பூஸ்பாரிக்கு அப்பா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, அந்தக் குளிர்நாட்டில் உனக்கும் அப்படியே இருக்கட்டும். ஆனால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. நம் கீழ்மடை சுகெர்மியின் வயல் காய்ந்ததற்கு வாய்க்காலின் மேல்மடைக்காரர்கள் காரணமில்லை, நீயும் உன் பேராசிரியரின் கூட்டமும் ஆராய்ச்சிக்கு மண் எடுக்கக் குழாய் இறக்கிய துளைகள்தான் காரணம். பழியை அவர்கள் மேல் போட்டது உன் கணினி, அதை ஊரறியப் படித்தது நான்.

மண்ணுக்குள் கிடக்கும் பழைய உமியையும் சாம்பலையும் வைத்து, அந்தக் காலத்தில் யார் எப்போது நட்டார்கள், தண்ணீர் எப்படிப் பிரிந்தது என்று கணினிக்குள் ஓர் ஊரையே ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னாய். நானும் பெருமையாக வயல் வயலாகக் கூட்டிப்போனேன். சேற்றுக்கு அடியில் மிதிபட்டு இறுகிய களித்தரை இருப்பதால்தான் படிவயலில் தண்ணீர் நிற்கிறது என்று வரப்பில் விளையாடி வளர்ந்த உனக்குத் தெரியாதா? அதைத் துளைத்துவிட்டு மேல்மண்ணைத் தள்ளி மூடிப் போயிருக்கிறீர்கள். இந்தப் போகம் வயல் வறண்டதும், வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, மேலே முறை தவறித் தண்ணீரை அடைத்துக்கொண்டார்கள் என்று, இன்றைய ஊரையும் அப்படியே ஓட்டிப் பார்க்கும் உன் கணினி சிவப்புக் குறி போட்டது. நீ அனுப்பிய அந்தப் படத்தை, தண்ணீர் முறை பேசும் நீர்க்கோயில் கூட்டத்தில் காட்டி, மேல்மடை சாத்ரேயைத் திருடன் என்றேன். அவன், "அண்ணே, உங்க பொண்ணு பெட்டிக்குள்ள எங்கள ஓட விட்டுப் பாக்குது, ஒரு தடவ மடைக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் பேசச் சொல்லுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதும் நான் விடவில்லை. பிறகு களை எடுக்கும்போது சுகெர்மியின் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. "மாமா, உங்க பொண்ணு எனக்குக் கெணறு வெட்டிக் குடுத்திருக்கு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். கையை விட்டுப் பார்த்தேன், குழாயின் வட்டம் அப்படியே இருந்தது. இப்போது மேல்மடைக்காரர்கள், அடுத்த போகம் உங்களோடு சேர்ந்து ஒரே நேரத்தில் தரிசு போடமாட்டோம், இஷ்டப்பட்ட நாளில் நடுவோம் என்கிறார்கள். அப்படி நட்டால் எலியும் புகையான் பூச்சியும் மேலும் கீழும் மாறி மாறித் தின்று தீர்க்கும் என்று உன் கணினியே எனக்குக் காட்டியிருக்கிறது.

நீ முதலில் சாத்ரேயிடம் போனில் பேசி, தவறு எங்களுடையது என்று சொல்ல வேண்டும், என் மூலமாக வேண்டாம். உன் பேராசிரியர் அந்தச் சிவப்புக் குறியை எடுத்துவிட்டு, வயல் காய்ந்த உண்மைக் காரணத்தை எழுத வேண்டும். எங்கெங்கே துளைத்தீர்கள் என்று உன் தம்பிக்கு அனுப்பு, அவன் களிமண் குழைத்து இடித்து அடைப்பான். சுகெர்மிக்குக் குறைந்த நெல்லை அம்மா நம் குதிரிலிருந்து அளந்து கொடுப்பாள். நடவு நாள் குறிக்கும் கூட்டத்தில் நான் எழுந்து சாத்ரேயிடம் மன்னிப்புக் கேட்பேன், யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை, கேட்பேன்.

தெய்வங்கள் உனக்குத் துணையிருக்கட்டும். கம்பளி போடாமல் வெளியே போகாதே. கூட்டத்துக்கு முன்பே சாத்ரேயிடம் பேசிவிடு.

உன் அப்பா,
நெங்கா சுவித்ரா