மொய்னாக்கின் கழுத்தில் கட்டிய சட்டை

அன்பு மகள் ஷோல்பானுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணன் தவ்ரெனும் அண்ணி கம்ஷாத்தும் குட்டிப் பயல் பெக்சாத்தும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கொரியா தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, ஷிப்டு முடிந்ததும் நேரத்தோடு படுத்து, சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இதென்ன திடீரென்று கடிதம் என்று உனக்குத் திக்கென்று இருக்கும். பயப்படாதே, மனுஷர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். எதிர்வீட்டு ஜும்பாயின் மகன் நீ இருக்கும் அன்சானுக்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே காயவைத்த தயிர்க்கட்டி, ஒரு பை குர்த் உருண்டையும் இருக்கிறது, உப்பு கொஞ்சம் தூக்கல், உன் அண்ணி கைப்பக்குவம், குறை சொல்லாமல் சாப்பிடு. போனில் உன் முகம் எனக்குத் தெரிகிறது, என் முகம் உனக்குத் தெரிகிறது, அப்படி முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. ஐந்து மாதமாக முயன்று பார்த்துவிட்டேன். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் வழக்கம்போல இந்த வேலையை அவள் தலையில் கட்டிவிட்டு நான் கொட்டகைப் பக்கம் நழுவியிருப்பேன், அதுவும் உனக்குத் தெரியும்.

பெக்சாத்துக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, என் விரலைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். இந்த வருஷம் பனி ஜன்னல் மட்டத்துக்கு வந்தது, தவ்ரென் வண்டியின் பேட்டரி இரண்டு முறை செத்தது, கம்ஷாத் பிரசவ விடுப்பு முடிந்து எப்போது பள்ளிக்கூடத்துக்குப் போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இதெல்லாம் நீ கேட்டதுதான். நீ ஒவ்வொரு முறையும் கேட்டு நான் சரியாகப் பதில் சொல்லாதது ஒன்றுதான். என் நாயைக் காட்டுங்கள், மொய்னாக்கைக் காட்டுங்கள் அப்பா என்பாய், அவன் உன் சித்தப்பாவின் ஆட்டுப்பட்டியில் இருக்கிறான், அங்கே சிக்னல் கிடையாது என்பேன். ஒரு தடவை பழைய படம் ஒன்றை அனுப்பி நேற்று எடுத்தது என்றும் சொன்னேன், நீயும் அடடா இளைத்துவிட்டானே, கறி எலும்பு போடுங்கள் என்று எழுதினாய். ஷோல்பான், மொய்னாக் இல்லை. அவன் செத்து ஐந்து மாதம் ஆகிறது. எப்படி என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம், இங்கேயே நிறுத்திவிடாமல் முழுதும் படி, படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

பெக்சாத்துக்கு நாற்பது நாள் முடிந்த அன்று வீடு நிறைய ஆட்கள். நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, பிறந்த முடி எடுத்து, பிறந்ததிலிருந்து போட்டிருந்த நாய்ச் சட்டையைக் கழற்றி உள்ளே மிட்டாய் வைத்து முடிச்சுப் போட்டாயிற்று. அதை நாயின் கழுத்தில் கட்டித் துரத்தினால் பிள்ளைக்கு வர இருந்த நோய்நொடி எல்லாம் அதோடு போய்விடும் என்று நம் ஆட்கள் செய்வதுதான், உனக்கும் செய்தோம், உன் அண்ணனுக்கும் செய்தோம். வெளி நாய் எதற்கு, நம் வீட்டு நாயே இருக்கிறதே என்று மொய்னாக்கைப் பிடித்து வந்தவன் நான்தான். நீ வாங்கி அனுப்பிய சிவப்புப் பட்டை, என் போன் நம்பர் பொறித்த தகடு போட்டதே, அது குறுக்கே இருந்ததால் முடிச்சு நிற்கவில்லை. இதோ இந்தக் கையால்தான் பட்டையைக் கழற்றிச் சட்டையைக் கட்டினேன். தெருப் பிள்ளைகள் மிட்டாய்க்காகக் கூச்சல் போட்டுத் துரத்தினார்கள், அந்த நேரம் பார்த்து உன் மாமாவின் கார் வர யாரோ கேட்டைத் திறந்தார்கள், அவன் மிரண்டு வெளியே பாய்ந்தான். எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம். நோய் வெகுதூரம் போகிறது பார் என்று உன் மாமா சொன்னார். சாயங்காலம் வந்துவிடுவான் என்று நினைத்தேன், வரவில்லை. சந்தைப் பக்கம், ஆற்றுப் பாலம், பழைய ரயில் கொட்டகை எல்லாம் தேடினேன்.

இதுவரை எழுதியது விபத்து. இனி எழுதுவது விபத்து இல்லை. மூன்றாம் நாள் காலை கம்ஷாத் போனைக் கொண்டுவந்து காட்டினாள். சர்க்கரை ஆலைக்குப் பின்னால் நீனா அம்மாள் நடத்துகிற நாய்க் காப்பகம், நீ சனிக்கிழமை தோறும் போய்க் கூண்டு கழுவிவிட்டு வருவாயே, நாய்க்கு ஆஸ்பத்திரியா, மனுஷனுக்கே மாத்திரை இல்லை என்று நான் கேலி பண்ணுவேனே, அவர்கள்தான் ஒரு படம் போட்டிருந்தார்கள். மொய்னாக் ஒரு கம்பளி மேல் படுத்திருக்கிறான். கழுத்தில் பெக்சாத்தின் சட்டை அப்படியே இருக்கிறது. சந்தை ரோட்டில் கார் அடித்துக் கிடந்தான், இடுப்பு உடைந்திருக்கிறது, பட்டை இல்லை, யாருடைய நாய், தெரிந்தவர்கள் உடனே வாருங்கள் என்று எழுதியிருந்தது. நான் கிளம்பத் தொப்பியை எடுத்துவிட்டேன். கம்ஷாத் கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தின ராத்திரிதான் குழந்தைக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. "மாமா, அந்தச் சட்டையோட அவன் திரும்பி நம்ம வாசல மிதிக்கக் கூடாது மாமா. போனது போனதாவே இருக்கட்டும். உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்" என்று அழுதாள். அவள்மேல் கோபப்படாதே. பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆனவள், மடியில் கொதிக்கிற குழந்தை, அவளுக்கு என்ன தெரியும். எனக்குத் தெரியும். படித்தவர்கள் சொல்வதெல்லாம் எனக்கும் தெரியும், துணிக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று. ஆனால் நான் இந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவன் இல்லையா. உன் மகன் இருபத்தாறு நாள்தான் இருந்தான். அவனுக்கு நாய்ச் சட்டை கழற்றுகிற நாளே வரவில்லை. அந்தக் குளிரில் அவனை அடக்கம் பண்ணக் கொண்டுபோனது இந்த இரண்டு கை. இன்னொரு தடவை என்றால் என்று நினைத்தேன், தொப்பியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டேன்.

அந்த வருஷம் முழுக்க நீ கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தபோது நாயை வீட்டுக்குள் விடாத நானே மொய்னாக்கை உள்ளே விட்டேன், அவன் உன் கட்டில் ஓரத்தில் படுத்துக் கிடந்தான், நீ அவனோடு மட்டும்தான் பேசினாய். கொரியாவுக்குக் கிளம்பும்போது நீ என்னிடம் கேட்டது அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற ஒன்றைத்தான். எல்லாம் நினைவிருந்தது, நினைவில்லாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். வீட்டுக்குக் கூட்டி வர வேண்டாம், சரி, போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்திருக்கலாம். அதை யாரும் தடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் தள்ளினேன். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கி, தெம்பாகப் பால் குடிக்கிறான் என்று கம்ஷாத் சிரித்த பிறகுதான் கிளம்பிப் போனேன்.

நீனா அம்மாள் உனக்குத் தெரியும், வாய் நீளம். கேட்டிலேயே "என்ன பெரியவரே, நாயத் தேடி வந்தீங்களா, நாயத் தள்ளிவிட வந்தீங்களா? தள்ளிவிட வந்திருந்தா அப்படியே திரும்பி நடங்க" என்றாள். சட்டை கட்டிய நாய் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம்தான் செத்தானாம். "இடுப்பு ஒடிஞ்சவன், கேட்டு சத்தம் கேக்குறப்பல்லாம் முன்னங்கால ஊனி எந்திரிச்சுப் பாத்தான் பெரியவரே. டாக்டர் வந்தார், ஊசி போட்டார், சாப்பிட்டாத்தான் ஆபரேசன் தாங்குவான்னார். வாய்ல வச்சா துப்பிட்டான். வீட்டு ஆளு ஒருத்தர் வந்திருந்தா தின்னிருப்பான். அந்தச் சட்டைய மட்டும் யாரையும் தொட விடல, கடிக்க வந்தான். அதோடயே பொதச்சோம்" என்றாள். படத்தை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள். இன்றைக்குக் காலையில் என்றேன். அங்கேயும் பொய். வேலி ஓரத்தில் புதிதாக மூடிய மண்ணைக் காட்டினாள், பெயர் என்ன என்று கேட்டாள், அவர்கள் அவனைச் சட்டைக்காரன் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பெயரைச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன் மகளே, உன் அம்மாவுக்குக்கூட ஆட்கள் முன்னால் அப்படி அழவில்லை.

அதற்கப்புறம் வாரம் மூன்று நாள் அங்கே போகிறேன். தர்மம் என்று நினைக்காதே, வீட்டில் உட்கார முடியவில்லை. அவர்களுடைய கொதிகலன் புகையைக் கக்கிக்கொண்டு கிடந்தது, முப்பத்தோரு வருஷம் கொதிகலன் மூட்டியவன் கண்ணில் அது பட்டால் விடுவேனா, பிரித்துப் போட்டுச் சரி பண்ணிவிட்டேன். கொதிகலன் சரியானால் கரி வேண்டுமே. அறுபது நாய், பூனை வேறு. நீனா அம்மாள் பள்ளிக்கூட மைதானத்தில் பவுர்சாக் பணியாரம் சுட்டு விற்றுப் பார்த்தாள், பாதியைப் பிள்ளைகள் சும்மாவே தின்றுவிட்டார்கள். நான் சொன்னேன், நம் ஆட்களிடம் காசு கேட்டால் முகத்தைத் திருப்புவார்கள், வீட்டுக்கு ஒரு வாளி கரி கேளுங்கள், இல்லை என்று சொல்ல வெட்கப்படுவார்கள் என்று. பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு நானே வீடு வீடாகப் போனேன். மசூதி வாசலில் பழைய கூட்டாளி செய்த்கலி மறித்துக்கொண்டு, "என்னடா தோலேகென், ஹஜ்ஜுக்குப் போறேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன் நாய்க்குக் கரி பொறுக்குற?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "உன் வீட்டுக் கரியக் குடு, உனக்கும் சேத்து நானே பாவமன்னிப்புக் கேக்குறேன்" என்றேன். திட்டிக்கொண்டே இரண்டு வாளி கொடுத்தான். இந்தக் குளிர்காலம் அந்தப் பிராணிகள் விறைக்கவில்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நாய்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம், வேண்டுகிறவர்கள் எடுத்துப் போகலாம். குட்டிகளுக்கு ஆள் வருகிறது. கிழட்டு நாய்களைப் பார்த்துவிட்டு ஐயோ பாவம் என்று சொல்லிக் குட்டியிடம் போய்விடுகிறார்கள்.

சோன்யா என்று ஒருத்தி இருக்கிறாள், ஒரு கண் பூ விழுந்தது, பதினோரு வயது, எந்நேரமும் தூக்கம், கொதிகலன் பக்கத்தில் கரித்தூளில் புரண்டு நாறுவாள், நான்கு முறை சந்தைக்குப் போய் நான்கு முறையும் திரும்பி வந்தவள். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று போன வாரம் கேட்டேன். கம்ஷாத்திடம் முன்பே சொல்லிவிட்டேன், அவள் தலையைக் குனிந்துகொண்டு கொண்டு வாங்க மாமா என்றாள். அவளுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. நீனா அம்மாள் சிரித்துக்கொண்டே விண்ணப்பப் பாரத்தை எடுத்துக் கொடுத்தாள், யாராக இருந்தாலும் பாரம் எழுதாமல் நாய் தர மாட்டாள். அதில் ஒரு கேள்வி, இதற்கு முன் எந்தப் பிராணியையாவது கைவிட்டிருக்கிறீர்களா என்று. பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மூன்றாம் நாளே படத்தைப் பார்த்ததையும், அவன் உன் நாய் என்பதையும். அவள் ஒன்றும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. பாரத்தை மடித்து என் கையில் கொடுத்து, "உங்கள விட்டா எனக்குக் கொதிகலன் மூட்ட ஆளில்ல, நீங்க வாங்க, போங்க. ஆனா நாயத் தர மாட்டேன். இவர் கைவிட மாட்டார்னு உத்தரவாதம் சொல்ல ஒரு ஆள் கையெழுத்து வேணும். உங்க மகனோ மருமகளோ வேணாம். யாரோட நாய விட்டீங்களோ, அந்தப் பொண்ணு போடட்டும்" என்றாள். அவள் சொன்னது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

அந்தப் பாரம் இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறது. என் பங்கை எழுதிவிட்டேன், அந்தக் கேள்விக்கு ஆம் என்று எழுதி, மொய்னாக், ஒன்பது நாள் என்று போட்டிருக்கிறேன். கீழே உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது. கையெழுத்துப் போட மனம் வரவில்லை என்றால் போடாதே, அதற்காக உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது, நான் பாட்டுக்குக் கொதிகலன் மூட்டிக்கொண்டிருப்பேன். அப்பா கஷ்டப்படுகிறாரே என்று இரக்கப்பட்டு மட்டும் போட்டுவிடாதே. என்னை நம்பி ஒரு உயிரை விடலாம் என்று உனக்கு நிஜமாகவே தோன்றினால் போடு.

கையுறை இல்லாமல் வெளியே போகாதே, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. ஜும்பாயின் மகன் வெகுளி, முதல் மாதம் கொஞ்சம் வழி காட்டு. என் ஒட்டகக் குட்டியே, உன் பாதை திறந்திருக்கட்டும், உன்னைச் சுற்றி நல்லவர்கள் இருக்கட்டும், உன் மனசுக்கு ஒரு நாள் ஆறுதல் கிடைக்கட்டும். பாரத்தைத் திருப்பி அனுப்பும்போது, கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், உறைமேல் என் பெயரை உன் கையாலேயே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
தோலேகென்