கிளாஸ்கோவில் ஒலித்த தமிழ்

பாட்டனி டவுன்ஸ், நியூசிலாந்து
2.12.1997

இஞ்சாரும் செல்வநாயகி,

நான் எங்கை பொய் சொன்னனான்? மகளிட்டை என்னைப் பொய்யன் எண்டீராம். "தமிழ் வகுப்பு விழாவிலை உதைபந்தாட்டக் கதை சொல்லவேணும். ரெண்டு நாடு முதன்முதல் மோதின மேட்சிலை என்ன முடிவு, புத்தகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ" எண்டு கேட்டது நீர்தானே?

1872, கிளாஸ்கோ. ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும். முடிவு "நில் – நில்" எண்டு கிடந்தது, வாசிச்சன். "ஐயோ, எங்கடை சொல்லெல்லோ! நடுவர் 'நில், நில்' எண்டு மறிச்சுப்போட்டார்" எண்டு துள்ளினது நீர். அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரேல்லை. மேடையிலை ஏறி "கிளாஸ்கோவிலே தமிழ் ஒலித்தது" எண்டு முழங்குவீர் எண்டு நான் கண்டனானே?

நீர் மகள் வீட்டை போனதிலையிருந்து மூண்டு நேரமும் பாணும் ஜாமும். வாரும்.

உம்மடை பொய்யன்,
தியாகலிங்கம்


தகனினி
6.12.1997

அன்புள்ள உங்களுக்கு,

பிரஷர் மாத்திரை சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. காலையில் மறக்காமல் போடுங்கள்.

"மிஸ், நில் மீன்ஸ் சீரோ" என்று விழாவில் என் வகுப்பு லக்ஷிகா எழுந்து சொன்னாள். பத்து வயதுப் பிள்ளை. அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அவள் எழும்புமுன்பே முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும்.

இந்த நாட்டில் கடையிலும் பஸ்ஸிலும் டாக்டரிடமும் உங்கள் வாயைப் பார்த்தே நிற்கிறேன். அந்த வகுப்பில் மட்டும்தான் நான் ஆசிரியை. இனி அங்கே போகமாட்டேன். வீட்டுக்கு வருவேனா என்றும் சொல்லத் தெரியவில்லை.

செல்வநாயகி


தகனினி, மகள் வீட்டு முற்றம்
14.12.1997

செல்வநாயகி,

முன்னுக்கு இருக்கிற பெஞ்சாதிக்குக் கடிதம் எழுதிற புருசன் நியூசிலாந்திலை நான் ஒருத்தன்தான். என்ன செய்ய, நீர் வாய் திறக்கிறீரில்லை. ஆனா நான் எழுத எழுதக் கடைக்கண்ணாலை வாசிக்கிறீர்.

நேற்று வகுப்புக்குப் போனனான். "உங்கடை மிஸ்ஸிலை பிழையில்லை, அர்த்தம் தெரிஞ்சுகொண்டும் நான்தான் சொல்லாமல் விட்டனான்" எண்டன். லக்ஷிகா, "தென் வை டிட் யூ லாஃப்?" எண்டாள்.

அவளுக்குச் சொல்லாததை உமக்குச் சொல்லுறன். ஊரிலை நீர் இலக்கணம் கதைக்கேக்கை, ஐஞ்சாம் வகுப்போடை நிண்ட நான் வாய் பாத்துக்கொண்டு இருந்தனான். இஞ்சை ஈஸ்ட் டாமாக்கி வேர்ஹவுசிலை மூட்டை தூக்கி நாலு இங்கிலீசுச் சொல் பொறுக்கினாப்பிறகுதான், எனக்குத் தெரிஞ்சது ஒண்டு உமக்குத் தெரியாமல் கிடந்தது. அது எனக்கு ருசிச்சுப்போச்சு, செல்வநாயகி. அந்த ருசியிலைதான் சிரிச்சன்.

என்ன, முகம் கொஞ்சம் இளகுதோ? ஸ்கொட்லாந்துச் சனம் உமக்குச் சிலை வைக்கப் போகுதாம், தமிழ்

இல்லை, இல்லை, பகிடிக்கு எழுதினது. எழும்பாதையும். கை தன்பாட்டிலை எழுதிப்போட்டுது. இரும், முக்கியமானதுக்கு இன்னும் வரேல்லை. நான் என்ன கேக்க வந்தனானெண்டால், நீர் என்னை ஒருக்கா

கதவைச் சாத்திப்போட்டீர்