பஸ்ஸில் செய்த நிறுவல்கள்

அக்கா,

கையில் தேசிக்காய் மணம் இன்னும் போகவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் நிற்கிறது. வவுனியாவிலிருந்து வந்து, சாப்பிடவும் மனமில்லாமல் கதிரையில் சாய்ந்திருக்கிறேன். கணிதத்தில் மெய்ப் பகுப்பாய்வுப் பாடத்தை இன்று இரண்டாம் முறை எழுதிவிட்டு வந்தேன். நீங்கள் போன பிறகு முதல்முறை எழுதிப் பெயிலானவள் நான். இந்த ஒரு பாடம்தான் பட்டத்துக்கு மிச்சம். இதையும் விட்டுவிடுவோம் என்றுதான் போன கிழமை வரைக்கும் நினைத்திருந்தேன்.

காலையில் புதுக்குடியிருப்பில் பஸ் வெளிக்கிட நின்றபோது உங்கள் அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வகுப்புள்ள சனிக்கிழமைகளில் உடையார்கட்டிலிருந்து உங்களை ஏற்றிவந்து இறக்கிவிடுவாரே, அதே இடத்தில் நிறுத்தினார். பின்இருக்கை வெறுமையாக இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. யன்னலால் ஒரு தேசிக்காயை நீட்டினார்.

"அவா வைச்ச மரம். இப்பதான் காய்க்கத் தொடங்கினது. இண்டைக்குச் சோதினை எண்டு கேள்விப்பட்டனான்."

"ஓம் அண்ணை" என்றேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

உங்களுக்குப் பஸ் பயணம் ஒத்துவராது. ஒட்டுசுட்டான் வரமுன்னமே முகம் வெளிறிக் குமட்டத் தொடங்கிவிடும். தேசிக்காயை நகத்தால் கீறி மூக்கடியில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவீர்கள். முதல் மாதமே எனக்குச் சொல்லிவிட்டீர்கள்: "பாத்து வாசிச்சா எனக்குச் சத்தி வரும். நீ கேள்வியை வாசி, நான் வாயாலை செய்யிறன்." அப்படித்தான் நம்முடைய படிப்பு தொடங்கியது. நான் ஆங்கிலத்தில் வாசிக்க, நீங்கள் கண்ணைத் திறக்காமல் தமிழில் ஒவ்வொரு வரியாக நிறுவிக்கொண்டு வருவீர்கள். நான் செய்யும் முறை வந்தால் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்பீர்கள். "அப்பிடித்தான் புத்தகத்திலை கிடக்கு" என்றால் விடமாட்டீர்கள். "கிடக்கட்டும். ஏன்?"

ஒருநாள் கண்டக்டர் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "அக்காமாரே, ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?"

"சண்டையில்லைத் தம்பி, கணக்கு."

"கணக்கெண்டாப் பேப்பர் எங்கை?"

நீங்கள் தேசிக்காயைத் தூக்கிக் காட்டினீர்கள். அன்றைக்கு மாங்குளம் தாண்டும்வரை சிரித்தோம்.

வவுனியாவில் தளபாடக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு நாம் இருவரும் வந்த வழி வேறு. எனக்கு அரச பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறியது. உங்களுக்கோ, உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடத்தில் ஊரே இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. பிறகு கல்யாணம், பிள்ளைகள், தையல் தொழிற்சாலை வேலை. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய அப்பாவின் மகள் பட்டம் எடுக்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள். உடையார்கட்டில் கணக்குப் படிப்பிக்க வேண்டும் என்றீர்கள். என் மாமி மட்டும் காணும்போதெல்லாம் தொடங்குவா. "காசு குடுத்துப் படிக்கிற கெம்பஸிலை போய்க் கணக்கோ? கொம்பியூட்டர் படிச்சாலும் ஒரு வேலை கிடைக்கும்." அதை உங்களிடம் சொல்லி அழுதபோது, "பட்டம் கிடைச்சா நல்லம். கிடைக்காட்டிலும் இதெல்லாம் உண்மை எண்டு எங்களுக்குத் தெரிஞ்சுபோடும்" என்றீர்கள். அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாகவே இல்லை. இருபத்தைந்து வயதில் எனக்கு வேலைதான் தேவையாக இருந்தது.

முதல் தவணைப் பரீட்சையில் நீங்கள் செய்த கூத்து நினைவிருக்கிறதா? விடைத்தாள் முழுக்க ஆங்கிலம். ஆனால் வரிக்கு வரி நடுவில் தமிழில் "ஏன்?", "ஏன்?" என்று எழுதி வைத்திருந்தீர்கள். பஸ்ஸில் வாயால் செய்து செய்து கை பழகிவிட்டது. கொழும்பிலிருந்து வரும் சிங்கள மிஸ் அந்தச் சொல்லையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டு வந்தா. இது என்ன குறியீடு, நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டா. நீங்கள் வெட்கத்தில் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். நான்தான் விளக்கினேன். அவாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புள்ளி குறைக்கவில்லை. நான் அந்தத் தவணை முழுக்க உங்களை "ஏன் அக்கா" என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு அப்படி ஒரு பிழை வராது என்று பெருமை வேறு.

மாரி மழையோடு வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. கடைசி வருடம், கடைசித் தவணை. செத்தவீட்டில் உங்கள் தலைமாட்டில் இருந்தபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் இழுத்துவந்துவிட்டு இடையில் இறங்கிவிட்டீர்களே என்று. பிறகு பஸ்ஸில் உங்கள் இடத்தில் யார் யாரோ இருந்தார்கள். நான் நித்திரை கொண்டேன். பாடமாக்கிக்கொண்டு போய் எழுதினேன். நடுவில் ஒரு வரி மறந்துபோனது, அதோடு முழுவதும் போனது. களைத்துப் போனேன் அக்கா. பின்னேரத்தில் டியூசன், சனிக்கிழமை பஸ், வீட்டுக்கு வந்தால் "இன்னும் முடியேல்லையோ" என்ற கேள்வி. உண்மை எது பொய் எது என்று தெரிந்துகொள்ளும் ஆசைகூட ஓய்ந்துவிட்டது.

இன்று கேள்வித்தாளைத் திறந்தால், அதே கணக்கு. எண்கள் ஏறிக்கொண்டே போகும் ஒரு தொடரி, ஆனால் ஒரு எல்லையைத் தாண்டாது. அது ஓரிடத்தை நெருங்கியே தீரும் என்று நிறுவ வேண்டும். போனமுறை நான் மறந்த வரியிலேயே இந்தமுறையும் கை நின்றது. தாண்ட முடியாத எல்லைகளுக்குள் மிகச் சிறியதை எடுத்தாயிற்று. அதிலிருந்து கொஞ்சம் குறைத்தால், அந்த இடத்தைத் தாண்டிய ஓர் உறுப்பு கட்டாயம் இருக்கும். இருக்கும் என்று தெரியும். காரணம் வரவில்லை. எழும்பிப் போய்விடலாம் என்றுதான் பேனையை மூடினேன். மூடும்போது விரலில் தேசிக்காய் மணந்தது. பஸ்ஸில் என்னை அறியாமலே கீறியிருக்கிறேன்.

கண்ணை மூடினேன். பஸ்ஸில் நீங்கள் கேட்பது போலவே "ஏன்?" என்று கேட்டது. அப்படி ஓர் உறுப்பு இல்லாவிட்டால் அந்தக் குறைந்த இடத்தையே ஒன்றும் தாண்டாதே, அதுவே இன்னும் சிறிய எல்லையாகியிருக்குமே. நாம் எடுத்ததுதானே மிகச் சிறியது. இவ்வளவுதான் அக்கா. இதைப் பாடமாக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பிறகு கை நிற்காமல் எழுதியது.

பெறுபேறு வர நாளாகும். பாஸா பெயிலா என்று தெரியாது. பாஸானாலும் மாமி கேட்கும் வேலை கிடைக்குமா என்பதும் தெரியாது. ஆனால் அந்தத் தொடரி நெருங்கியே தீரும் என்பது எனக்குத் தெரியும், யார் கேட்டாலும் ஏனென்று சொல்லுவேன்.

இன்னொன்று. தாளைக் கட்டிக் கொடுக்கமுன் திருப்பிப் பார்த்தேன். ஆங்கில வரிகளுக்கு நடுவில், என் கையெழுத்தில், தமிழில் "ஏன்?" என்று இருந்தது. வெட்டுவதற்கு நேரம் இருந்தது. வெட்டாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.