கர்ட்டின் பை

ரோவீனா,

அடுப்பில் எல்க் மான் குழம்பு இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வேட்டைக்குக் கிளம்பு.

"செத்துப்போன என் மகனோட பைம்மா. வாரை யாரும் தொடக்கூடாது" என்று நேற்று கத்தினேன். "அவர் உசரத்துக்கு வச்ச வாரு, மாமா. எனக்குப் பை தொடையில இடிக்குது, எப்படி மலையேறுவேன்?" என்று அழுதாய்.

விடிந்து பார்த்தால், ஒரு கரடி வந்து, பை உன் முதுகில் மேலே நிற்கும்படி வாரைப் பையில் கீழே இறக்கித் தைத்துவிட்டுப் போயிருக்கிறது. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின்மேல் இறுக்கிக் கட்டு, தோள் வலிக்காது.

நீ கிளம்பும்போது நான் இருக்கமாட்டேன். குதிரைக்குக் கதை சொல்லப் போகிறேன்.

மாமா

பின்குறிப்பு: கர்ட்டுக்கு வார் எங்கே இருந்ததோ, அங்கே சிவப்பு நூலில் ஒரு தையல் இருக்கும். அதுவும் கரடி போட்டதுதான். பிரித்துவிடாதே அம்மா.