டிரைவர் லைட்டு குளிர்ந்தது

கரையிலிருந்து கூப்பிட்டாலே படகில் எழுந்து நின்று கையாட்டும் என் மாமாவுக்கு,

நாம் ஜெயித்துவிட்டோம்! இதை உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். சண்டையே உங்கள் விளக்கைப் பற்றித்தான்.

இருட்டில் கரை தெரியாமல் படகு கவிழக் கூடாது என்று, நம் குப்பத்துக்கு, உயரக் கம்பத்தில் எல்லாப் பக்கமும் எரியும் ஹைமாஸ் விளக்கு கேட்டுக் கடலூருக்கு நடையாய் நடந்தீர்கள். அது எரியத் தொடங்கிய வருடமே மாரடைப்பில் போய்விட்டீர்கள். விசைப்படகு ஓட்டிய உங்கள் நினைவாக, ஊரே அதை ‘டிரைவர் லைட்டு’ என்கிறது.

ஆனால் மாமா, அதற்கு வடக்கே உள்ள மணல்மேட்டில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரிந்த குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் போகும். இருட்டான கரையில் கடல்தான் வெளிச்சம். உங்கள் விளக்கு வந்த பிறகு அதுவே அவற்றுக்குக் கடலாகத் தெரிந்தது. போன வருடம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, தார் ரோட்டில் குஞ்சுகள் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். காரணத்தைச் சிதம்பரத்தில் என் பள்ளி நூலகத்தில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் விளக்கை நான் எப்படிக் குறை சொல்வேன்?

இந்த வருடம் ஊர்க் கூட்டத்தில் எழுதி வாசித்தேன். “குஞ்சு பொரிக்கும் காலத்தில் டிரைவர் விளக்கை அணைக்க வேண்டும்.”

“இன்னா வார்த்த சொல்ற? செத்தவன் பேர்ல எரியற வெளக்க அணைக்கணுமா?” என்று ஊர்த் தலைவர் எகிறினார்.

“ஆமைக்கு வக்கீலு வந்துட்டாடா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வீட்டுக் குத்துவிளக்கைக்கூட நாம் ‘அணை’ என்று சொல்வதில்லையே. புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டேன். தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அத்தை எழுந்தார்கள். நீங்கள் போன பிறகு கூட்டத்தில் வாயே திறக்காத என் அத்தை!

“அணைக்கவா சொல்லுது எம் பொண்ணு? குளிர வைக்கச் சொல்லுது. நம்ம வூட்ல தெனம் செய்யறதுதான? அவுரு படகுக்காவ வாங்குன லைட்டு. படகு ஏறுற பக்கம் எரியட்டும். மணலுப் பக்கம் எதுக்கு? அங்க நண்டா ஒக்காந்து வல பின்னுது?”

தலைவரே சிரித்துவிட்டார். மின் ஊழியரை வரவழைத்து, வடக்கே பார்த்த பல்புகளைக் குளிர வைத்தார்கள்.

நேற்று விடியலில் பாதிக் குப்பம் மணல்மேட்டில் நின்றது. மணல் அசைந்தது. பொலபொலவென்று குஞ்சுகள். ஒன்று மட்டும் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றது. அப்புறம் அதுவும் திரும்பி, தண்ணீரைப் பார்த்து ஓடியது பாருங்கள்!

“ஏய், வழி வுடுங்கடா! குட்டிச் சாமிங்க போவுது!” என்று கத்தியது யார் தெரியுமா? அதே தலைவர்.

ஒன்றுகூட ரோட்டுக்குப் போகவில்லை, மாமா. தெற்கே உங்கள் வெளிச்சத்தில் படகுகளும் பத்திரமாகக் கரையேறின. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமோ?

அடுத்தது வலை. முட்டையிட வரும் தாய் ஆமைகள் அதில் சிக்கி மூச்சு முட்டிச் சாகின்றன. மணல்மேட்டுக்கு நேரே அந்த மாதங்களில் வலை விடாதீர்கள் என்று உங்கள் கூட்டாளிகளிடம் கேட்கப் போகிறேன். திட்டுவார்கள், திட்டட்டும். நான் உட்கார மாட்டேன். ஆனால் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கூட்டத்துக்குப் போவேன். சத்தியம்.

உங்கள் அக்கா மகள்,
தேன்மொழி